கட்டிலில் ஒரு சிவப்பு

கட்டிலில் பகவதி படுக்கும் பக்கம் சிவப்பாக இருந்தது. வெறுங்கண்ணுக்கு அல்ல, தெர்மல் கேமராவில். சூட்டைச் சிவப்பாகவும் குளிரை நீலமாகவும், இடைப்பட்டதை மஞ்சள், பச்சையாகவும் காட்டும் அந்தக் கருவிக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொல்ல நாக்கும் கிடையாது. பகவதியின் சாம்பலைக் கன்னியாகுமரியில் கரைத்துவிட்டு வந்த பிறகும் அந்தப் பக்கம் சிவப்பு.

அவள் புருஷன் சிவதாணுவுக்கு அதுதான் தொழில். நாகர்கோவிலின் பழைய கட்டடங்களில் ஏறி இறங்கி, ஏசிக் காற்று எந்த இடுக்கில் ஒழுகிக் கரண்டு பில்லை ஏற்றுகிறது என்று கண்டுபிடித்து அடைத்துக்கொடுப்பது. ஜவுளிக்கடை, லாட்ஜ், கல்யாண மண்டபம் என்று ஊரையே அடைத்தவர், வடசேரியில் தாத்தா கட்டிய சொந்த வீட்டை மட்டும் விட்டுவைத்திருந்தார். பகவதியோ சித்திரை வெயிலிலும் கம்பளி போர்த்துகிறவள். "ஊருக்கெல்லாம் அடைக்கியோ, நம்ம வீட்டை எப்பம் அடைப்பியோ? நான் செத்த பொறவா?" என்பாள். மனிதர் வாக்குத் தவறவில்லை. அவள் செத்த பிறகு அடைத்தார்.

சாவு வீட்டில் பதினாறு கழியும்வரை மச்சு ஜன்னலைத் திறந்துபோடுவது அந்தத் தெரு வழக்கம். போகிறவர்கள் போகட்டும் என்றுதான். சிவதாணு முதலில் அடைத்ததே அந்த ஜன்னலைத்தான். பிறகு ஓட்டுக்கடியில் பலகை, சந்துகளில் நுரை, கதவுகளுக்கு ரப்பர் பட்டை. மழைச் சத்தம்கூட உள்ளே வர யோசித்தது. உள்ளேயிருந்த பகவதியின் தைல வாசனை வெளியே போக வழியில்லாமல் அறை அறையாக நடந்தது. அவளுடைய சூடு அது, ஒரு துளி வெளியே போகக் கூடாது என்று கட்டிலைப் பார்த்து அழுதார்.

கட்டில் விஷயத்தைக் கேட்டதும் கூட்டாளி சுயம்புலிங்கம் போனில் கத்தினார். "ஏலே, ஜன்னலைத் தொற. சூடு சும்மா வராது, கேட்டியா? ஒரு எடத்துல கொறஞ்சாத்தான் இன்னொரு எடத்துல கூடும். நீதான ஊருக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லுவ?"

"எனக்குக் கரண்டு பில்லு கொறஞ்சிருக்கு. ஒனக்கென்னலே?"

போனை வைத்துவிட்டு, எதற்கோ கேமராவைத் தன் கைப்பக்கம் திருப்பினார். கை நீலம். பின்னாலிருந்த சுவரும் அதே நீலம். எது கை, எது சுவர் என்று தெரியவில்லை.

பயந்தார்தான். ஆனால் அவளுக்குக் குளிராமல் இருக்கிறதே என்று அன்றைக்கும் அந்தச் சிவப்பின் அருகிலேயே படுத்தார்.

மறுநாள் மத்தியானம் வானம் இருட்டி மழை கொட்டிக்கொண்டிருந்தபோது வாசல் கதவு தட்டப்பட்டது.

"அப்பா, அஞ்சு வந்திருக்கேன். கதவைத் தொறங்கோ. பிள்ளை நனையுதான்."

திருவனந்தபுரத்திலிருந்து மகள். இடுப்பில் பேரன். திறந்தால் அத்தனை சூடும் தெருவுக்குப் போய்விடும். சிவதாணு ஒரு கணம், ஒரே கணம், யோசித்தார். கை தானாகக் கேமராவைத் தூக்கியது.

கட்டில் நீலமாக இருந்தது.

தரையில் ஒரு சிவப்புப் பாதம். அதற்கு முன்னால் இன்னொன்று. நடை தாண்டி, முன்கூடமான பட்டாசல் தாண்டி.

வாசலை நோக்கி.

எழுந்தார். முழங்கால் மடங்கவில்லை. அஞ்சு, ஓடிரு மக்களே என்று கத்தினார். சத்தம் வரவில்லை. வாயிலிருந்து குளிர்தான் வந்தது.

சுவரைப் பிடித்துப் பிடித்துப் பட்டாசலுக்கு வந்தார். கேமராவில் பார்த்தால், கதவில் பகவதி சாய்ந்திருந்தாள். தலை, தோள், போர்த்திய கம்பளியின் விளிம்பு. எல்லாம் சிவப்பு.

"அப்பா, கதவு என்ன இப்பிடிச் சூடா இருக்கு?" வெளியே அஞ்சு சிரித்தாள். "பிள்ளைக்கு நல்ல சுகமா இருக்கு போல. கன்னத்தை வச்சவன் எடுக்க மாட்டேங்கான்."

சிவப்பு மெல்லக் குனிந்தது. பிள்ளை உயரத்துக்கு.

தாழ்ப்பாளில் கை வைத்தார். விரல் மடங்கவில்லை.

"அப்பா... தூங்கிட்டான்ப்பா."

மரத்துக்கு அப்பால் பார்க்க அந்தக் கேமராவுக்குக் கண் கிடையாது. ஆனாலும் தெரிந்தது. சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில், ஒரு கன்னத்தின் அளவுக்கு, சின்னதாய் ஒரு மஞ்சள் வட்டம். அது பச்சையானது.

பச்சையிலிருந்து, ஓரத்தில், நீலம்.