பெட்டிக்குக் குடை பிடித்தவன்

அன்று பெய்தது மழைதானா, அல்லது மூடுபனிதான் சொட்டியதா... எனக்கு இப்போது நிச்சயமில்லை. சம்பந்தப்பட்ட இருவருமே என்னிடம் சொன்ன கதை இது. இருவரும் வேறு வேறாகச் சொன்னார்கள். பாலாமணி சொன்னபடி மழை என்றே வைத்துக்கொள்கிறேன்.

வருடம் எழுபத்தெட்டு. கீழ் கோத்தகிரி பஸ் நிறுத்தத்தில் பாலாமணி ஒண்டிக்கொண்டிருந்தாள். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து ஐந்து வருடமாகிறது. தேயிலை எஸ்டேட்டில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

சரிவில் ஒருவன் ஓடிவந்தான். கையில் குடை இருந்தது. ஆனால் தலைக்கு மேல் இல்லை. மார்போடு அணைத்திருந்த ஒரு பெட்டிக்கு மேல் இருந்தது!

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பெட்டிக்குக் கொடை, ஆளுக்கு மளையா?”

அவன் சட்டென்று நின்றான். இமையெல்லாம் நீர் சொட்ட, கண்களில் மட்டும் ஒரு வெளிச்சம்...

“ஏனுங்க, இன்னொருக்கா சொல்லுங்க!”

“என்னாத்த?”

“மழைன்னீங்களே, அதை.”

“சொல்ல மாட்டேன். ஒங்களுக்கு என்ன பைத்தியமா?”

பைத்தியமில்லை. பெயர் ஆறுச்சாமி, பொள்ளாச்சிக்காரன், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் பேச்சில் எத்தனை ஒலிகள் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க வந்திருந்தான். பெட்டி, டேப் ரெக்கார்டர். ஒரே ஒரு மாதம்தான் தவணை.

அவளைப் போலவே இலங்கையிலிருந்து வந்த, பக்கத்து லயத்து வீட்டுப் பேச்சியம்மா அத்தை வெற்றிலையோடு துணைக்கு உட்கார, மாலை நேரங்களில் பதிவு நடந்தது. ஒவ்வொரு நாளும் முதலில் கிழமையையும் ஊரையும் அவனே சொல்லிப் பதிவு செய்வான். பிறகு அவள் முறை. சொல்லை அவன் வாயால் சொல்லக் கூடாதாம். அதனால் படம் காட்டுவான்.

“இது என்னங்க?”

“கிளி.”

காகிதம் ஒன்றை எடுத்து இரண்டாக்கினான்.

“இப்ப நான் என்ன செய்யறேன்?”

“கிளிக்கிறீங்க. வேற வேலையில்லாம.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். “எழுத்துல ரெண்டு சத்தமுங்க. உங்க வாயில ஒண்ணுதான்! பொருள் மாறுற எடத்துல சத்தமும் மாறுதா இல்லையான்னு பாக்கறதுதான் எங்க வேலையே.”

அதற்கப்புறம் அவன் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் விழுந்தது. கப்பலை விட்டு இறங்கிய நாளில் அவள் பேச்சைக் கேட்டு இப்படித்தான் ஒருவர் சிரித்தார்... ‘இவருமா?’

அன்றிலிருந்து அடுப்படியில் யாருமில்லாத நேரத்தில் நாக்கை மடித்து மடித்துப் பழகினாள். மழை... கிழிப்பு... வாழை... அவன் முன்னால் இனிமேல் கேலிப்பொருளாகக் கூடாது. ஏன் கூடாது? அதை அவள் தன்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை.

நான்காவது வாரம் ஆறுச்சாமி தன் பேராசிரியரிடம் டேப்புகளைப் போட்டுக் காட்டிவிட்டு வந்தான். முகம் இருண்டிருந்தது.

“மொத வாரத்துக்கப்புறம் பதிஞ்சது எதுவும் உதவாதுங்களாம். அது உங்க பேச்சே இல்லைங்கறார். வேற ஆளைப் பாக்கச் சொல்லிட்டார்.”

பாலாமணி எழுந்துவிட்டாள்.

“பாருங்களேன். ஒங்களுக்கு வேண்டியது என் நாக்கு மட்டுந்தானே? அது கெட்டுப்போச்சு. போங்க.”

நான்கு நாள் பேச்சில்லை. பேச்சியம்மா அத்தைதான் கிளி என்றும் கிளிப்பு என்றும் வெற்றிலைச் சாறு தெறிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாலாமணி தொட்டிலை ஆட்டினாள். நாளை மறுநாள் அவன் போய்விடுவான். அவ்வளவுதானா?

கடைசி நாள் மதியம் அவன் குழந்தைகள் காப்பகத்துக்கே வந்தான். பெட்டியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

“ஏனுங்க மாத்தினீங்க?”

“நீங்க சிரிச்சீங்களே.”

“அய்யோ... அது சந்தோசமுங்க! ஒரு வருசமாத் தேடினது கையில கெடைச்ச சந்தோசம்.”

“ஓகோ. நல்லா கதைக்கிறீங்க.”

அவன் பெட்டியைத் திறந்தான். முதல் நாள் டேப்பைப் போட்டான். உண்மையிலேயே சந்தோஷச் சிரிப்புதான்... இப்போது கேட்டால் தெரிகிறது. அவள் கோபம் கொஞ்சம் தளர்ந்தது. பிறகு அவர்கள் கடைசியாகப் பதிந்த டேப்பைப் போட்டான். அவள் தலை நிமிர்ந்தது.

“நிறுத்துங்க. ஆரம்பத்துல இருந்து போடுங்க.”

அவனுடைய குரல்: ‘வெள்ளிக்கெளமை. கீள் கோத்தகிரி.’

“இது ஆரு?”

“நான்தானுங்க.”

“மொத நாளு நீங்க இப்புடிச் சொல்லலியே. திங்கட்கிழமைன்னு அழுத்தமா, வாத்தியார் மாதிரி சொன்னீங்களே!”

அவன் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். காது மடல் சிவந்தது. ஒரு தொட்டிலில் குழந்தை முனகி அடங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அந்தச் சுழலும் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“புரொபசரும் கவனிக்கலீங்க. நானும் கவனிக்கலீங்க.”

“நான் கவனிச்சேன்.” அவள் குரல் எங்கோ உள்ளிருந்து வந்தது. “நான் அடுப்படியில ஒக்காந்து படிச்சு மாத்துனேன். நீங்க?”

“என்னை ஆரும் சிரிச்சு மாத்தலீங்க, பாலாமணி. தெரியாமயே நடந்து வந்திருக்கறேன்... உங்க பக்கமா. இனி திரும்பிப் போக மனசில்லீங்க.”

சரிவில் பஸ் ஹாரன் அடித்தது. அவன் எழவில்லை.

“பஸ்ஸு போகுது,” என்றாள்.

“போகட்டுமுங்க.”

“மளையில நடப்பீங்களா?”

பழகிய ‘ழ’வை அவள் அந்த இடத்திலேயே விட்டுவிட்டாள். அவன் சிரித்தான். இம்முறை அவளும் சிரித்தாள்.

ஆராய்ச்சி பேச்சியம்மா அத்தையின் குரலை வைத்து முடிந்தது. ஆறுச்சாமிமேல் அவளுக்கு எந்தப் பிரியமும் இல்லை. அதனால் அவள் பேச்சு கடைசிவரை மாறவே இல்லை. அவள் தொண்ணூற்றொன்றாம் வருடம் இறந்தாள். பேராசிரியர் ஓய்வு பெற்றுச் சிதம்பரத்தில் இருந்தார். ஆறுச்சாமியும் பாலாமணியும் அடுத்த தை மாதம் கல்யாணம் செய்துகொண்டார்கள். கோத்தகிரியில்தான் இருக்கிறார்கள். டேப் ரெக்கார்டர் ஓடுவதில்லை. அவர்கள் மகளுக்கு ‘ழ’ நன்றாக வரும். கோபம் வந்தால் வராது.