மூடிய கடலில் முதல் மீன்

"அலை ஏறுதும்மா, திரும்பிடலாமா?" என்று படகோட்டி கங்கையா கேட்டபோது, சரி என்று சொல்லத்தான் பேராசிரியர் மரகதவல்லிக்குத் தோன்றியது. அறுபது தாண்டிய வயதில் நடுப் பசிபிக்கில் வாந்தி எடுத்துக்கொண்டு புதையல் தேடுவது யாருக்குத் தலையெழுத்து! தங்கமோ வைரமோ என்றாலாவது பரவாயில்லை. அவர் தேடியது ஒரு மனிதன் என்ன ஆனான் என்பதை.

சடையப்பன், பிஜியின் கரும்புத் தொழிலாளர் தலைவன். வேலைநிறுத்தத்தின் நடுவில் படகேறிப் போனவன் திரும்பவேயில்லை. பயந்து ஓடிவிட்டான் என்றது ஊர். இந்தத் தீவு மக்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியே தலை நரைத்த மரகதவல்லி, அவனுடையதை மட்டும் முப்பது வருஷமாகக் கடைசி அத்தியாயம் இல்லாமல் வைத்திருந்தார். எத்தனை தீவுகள் ஏறி இறங்கியாயிற்று! இந்த ஒரு தீவையும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்ததால், படகைத் திருப்பச் சொல்லவில்லை.

பவளப்பாறையில் உரசி, இடுப்பளவு நீரில் இறங்கித் தள்ளி, ஒருவழியாகக் கரை சேர்ந்தார்கள். பாறைக்கும் கரைக்கும் நடுவே கொள்ளாத மீன்! ஆனால் ஒரு வலைகூட இல்லை.

தீவுத் தலைவர் இலியேசா காரணம் சொன்னார். கரையேறிய விருந்தாளி இறந்துபோனால் அந்தப் பக்கத்துக் கடலை மூடிவிடுவார்களாம். உறவுக்காரர் வந்து முதல் மீனைப் பிடித்தால்தான் திறக்கும். இறந்தவர் கதையையும் உறவிடம்தான் சொல்வார்கள். சடையப்பனைத் தேடி வந்ததாக மரகதவல்லி சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சடையப்பன்னு பேர் சொன்னான். நான்தான் கரைக்குத் தூக்கிவந்தேன். அவனுக்காக யாருமே வரலை. நீ அவனுக்கு என்ன உறவு?"

தங்கை மகள் என்று சொல்லிவிடும்படி கங்கையா காதோரம் கெஞ்சினான். அந்தப் பொய் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் இத்தனை வருஷ உழைப்பைப் பொய்யில் முடித்துவிட்டு, அதையும் சுமந்து திரிய அவருக்குத் தெம்பில்லை.

"உறவில்லை. அவரைத் தேடித் தேடியே கிழவியானவ, அவ்வளவுதான்."

இலியேசா எழுந்து போய் ஒரு தூண்டிலை எடுத்துவந்தார். "தொலைஞ்சவனை இவ்வளவு காலம் தேடினவ உறவில்லைன்னா, வேற யார் உறவு?" என்று அதை அவரிடம் நீட்டினார்.

மரகதவல்லி மீனைத் தூக்கியதும் தீவே கடலில் குதித்தது. அன்றைய விருந்தில் இலியேசா மீதியைச் சொன்னார். அடுத்த தீவின் தொழிலாளர்களையும் போராட்டத்துக்கு அழைக்கப் புறப்பட்டவன் அவன். வழியில் படகு பாறையில் மோதி உடைந்துவிட்டது.

"விலா நொறுங்கிக் கிடந்தவன் சாகிறவரை கேட்டது ஒண்ணுதான். ஒரு படகு கொடுங்க, என் ஆளுங்க காத்திருப்பாங்க, நான் திரும்பணும்."

மரகதவல்லி தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அழுதார்.

திரும்பி வந்து ஊர்த் துறையில் இறங்கியதும், போன காரியம் என்ன ஆயிற்று என்று கூடியவர்கள் கேட்டார்கள்.

"அவர் ஓடலை," என்றார் களைப்போடு. "நம்மகிட்ட வரத்தான் படகு கேட்டிருக்கார். நாமதான் தேடிப் போகலை."