தம்ளருக்குள் ஒரு மூச்சு

பஞ்சு மூச்சை அடக்கியது. மூச்சுச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

ரேடியோ அக்கா முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டாள். அவளைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தே தலை நரைத்தவள். எந்த வீட்டு மருமகள் எந்தக் குரலில் அம்மாவிடம் அழுவாள் என்பதெல்லாம் அத்துப்படி. ஓய்வு பெற்ற பிறகு ஹெட்ஃபோன் போய் எவர்சில்வர் தம்ளர் வந்தது. அதைக் கவிழ்த்துச் சுவரில் வைத்து, அடியில் காதைப் பொருத்தினால் போதும், பக்கத்து வீடே இந்த வீட்டுக்கு வந்துவிடும். ரேடியோ என்று தெரு சும்மாவா பெயர் வைத்தது?

அந்தத் தம்ளர் இப்போது ஓர் அட்டைப்பெட்டியின் மேல் இருந்தது. பெட்டிக்குள் பஞ்சு, பக்கத்து வீட்டு டீச்சரின் மகள் வளர்க்கும் கினிப்பன்றி. பன்றி என்று பெயர்தானே தவிர ஆள் கைக்கு அடக்கம். மகளுக்கு முதுகில் ஆபரேஷன்.

"கண்ணு முழிச்சதும் பஞ்சுவத்தான் கேப்பா அக்கா. உங்கள நம்பித்தான் போறேன்," என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று டீச்சர் சாவியைக் கொடுத்தாள். படியிறங்கியவள் திரும்பிப் பார்த்து, "பின்ரூமை மட்டும் திறக்காதீங்க. ஒரே ஈரம். பஞ்சுவுக்கு ஆகாது," என்றாள்.

பூனையைக் கூப்பிட்டுப் பாலைக் காட்டி, குடிக்காதே என்ற கதை. அந்தப் பின்ரூம், ரேடியோ அக்காவின் படுக்கையறைச் சுவருக்கு நேர் மறுபுறம். வருஷக்கணக்காக அங்கிருந்து தம்ளரில் ஓர் இழுப்புச் சத்தம் கேட்டு வந்திருக்கிறாள். டீச்சர் யாரோ சீக்காளியை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று தெருமுனை வரை ஒலிபரப்பியும் ஆயிற்று. டீச்சர் தலை மறைந்ததும், பஞ்சுவைக் கையில் ஏந்தியபடியே அந்தக் கதவைத் திறந்தாள்.

கட்டில் இல்லை. ஆள் இல்லை. காரை உதிர்ந்த சுவரில், அவள் காது உயரத்தில், தம்ளரின் வாய் அளவுக்கு வட்டமாக ஓர் ஈரக்கறை. அவ்வளவுதான். சப்பென்று போய்விட்டது. சாத்திவிட்டு வந்தாள். மறுநாள் பஞ்சு இழுக்கத் தொடங்கியது.

"இதுங்க மூக்காலதாம்மா மூச்சு விடும்," என்றார் கால்நடை டாக்டர். "வாயத் திறந்துச்சுன்னா யோசிக்காதீங்க, தூக்கிட்டு ஓடி வாங்க. ஈரமான எடத்துல வச்சீங்களா?"

"சேச்சே!"

பெட்டியைத் தன் படுக்கையறைக்கே கொண்டுவந்தாள். ஊசி இல்லாத சிரிஞ்சில் மருந்து, மசித்த தீவனம், தூசி உதறிய புல். பதிலுக்கு ஒரு செய்தி கிடைக்காமல் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்டறியாதவள், இதனிடம் நாளெல்லாம் கேட்டாள். "ஒரு வாய் முழுங்குடா கண்ணு. அந்தப் புள்ளை முகத்துல நான் முழிக்க வேணாமா?"

இன்று சாயங்காலம் மழை பிடித்திருந்தது. ஜன்னல் சாத்திய அறையில் புல்லின் வாசனையும் மருந்தின் கசப்பு நெடியும் கலந்து கிடக்க, அவற்றுக்கு அடியில், பூட்டிய அறையைத் திறந்தால் வருமே அந்தப் பழைய ஈர நாற்றமும் எங்கிருந்தோ மெல்லக் கசிந்து கொண்டிருந்தது. இடி இடித்தது. பயந்தால் கல்லாகிவிடும் ஜாதி, பஞ்சுவும் அப்படியே உறைந்தது. வயிறு அசையவில்லை. மீசை அசையவில்லை. ஆனால் பெட்டிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. நீளமாக ஓர் இழுப்பு. ஒரு தேக்கம். பிறகு, ஓட்டை வழியே காற்று போவது போல ஒரு விடுப்பு.

வருஷக்கணக்காகக் கேட்ட இழுப்பு. இத்தனை சிறிய நெஞ்சில் அடங்காத இழுப்பு.

தம்ளரைச் சுவருக்கு மாற்றினாள். எதுவும் இல்லை. முதல் முறையாக அந்தச் சுவர் வெறும் சுவராக இருந்தது.

பெட்டிக்குள் பஞ்சு வாயைத் திறந்தது.

அள்ளி எடுத்தாள். துண்டில் சுருட்டினாள். நெஞ்சோடு அணைத்தாள். செருப்பைத் தேடினாள். கையில் அது துள்ளியது, துவண்டது. "வேணாம்டா ராசா. அவ காத்திருக்கா. உனக்கு வந்தது எனக்கு வரட்டும். எனக்கே வரட்டும்."

வாய் தவறிய சொல் இல்லை. மனதார வந்த சொல்.

துள்ளல் நின்றது. உயிர் போய்விட்டது என்று நினைத்துத் துண்டை விலக்கினாள். பஞ்சு மூக்கைச் சுருக்கி அவளைப் பார்த்தது. பெட்டியில் விட்டதும் புல்லைக் கடித்தது. அவள் கட்டிலில் சரிந்து உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதாள்.

ஃபோன் அடித்தது. டீச்சர்.

"அக்கா, முழிச்சுட்டா. பஞ்சுவத்தான் கேக்குறா. ஆமா, அந்த ரூமைத் திறக்கலையே?"

"சேச்சே."

"அப்ப பரவால்ல. இந்தாங்க, அவகிட்ட குடுக்குறேன்."

"பெரியம்மா," சின்னக் குரல், மயக்கம் தெளியாத குரல். "ஃபோனை அதுகிட்ட வைங்க."

வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்புக் கேட்டது.

"சமத்தா சாப்பிடுது! ஆனா பெரியம்மா, பக்கத்துல யாரு இப்படி இழுக்கறது?"

பெட்டியில் தம்ளரை வைத்தாள். மெல்லிய, சுத்தமான மூச்சு. சுவரில் வைத்தாள். மௌனம். அறையில் இழுப்பு. நீளமாக. ஒரு தேக்கம்.

புடவைக்கு மேல் என்னவோ குளிர்ந்தது. குனிந்து பார்த்தாள். நெஞ்சில், தம்ளரின் வாய் அளவுக்கு, வட்டமாக ஈரம்.

பஞ்சு பின்வாங்கியது. பெட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டது. அதன் கண்கள் அவள் முகத்தில் இல்லை. அந்த ஈரத்தில்.

"பெரியம்மா? இருக்கீங்களா?"

ரேடியோ அக்கா மூச்சை அடக்கினாள்.

சத்தம் நிற்கவில்லை.