வரிசையின் கடைசி முதுகு

மண்டபத்தில் நாவல் வெளியிடுவது சாதாரண எழுத்தாளர்களுக்குரியது என்று சிற்றம்பலத்தார் நினைத்தார். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் வெப்பமூட்டியோடு நல்ல மண்டபங்கள் இருக்க, அவர் வாடகைக்கு எடுத்தது பல வருடமாய் மூடிக் கிடந்த பழைய நகரக் குளிப்பகத்தை. 2006 நவம்பர், ஒரு ஞாயிறு பின்னேரம். உலகக் கோப்பைக்குக் கட்டிய கொடியொன்று வாசலில் இன்னும் நனைந்து தொங்கியது.

உள்ளே குளோரின் மணத்தது. தண்ணீரை நிறுத்திப் பல வருடமான கட்டிடத்தில் அது ஏன் மணக்க வேண்டும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. எப்போது விடுவார்கள் என்றுதான் யோசித்தேன்.

நாவலின் பெயர் 'தெண்ணீர் நாடு'. மூன்று பாகம். முதல் பாகம் தலையணைக்குப் போதும். அந்தக் கற்பனை நாட்டில் அரண்மனையும் கிடையாது, நீதிமன்றமும் கிடையாது; எல்லாம் பொதுக் குளிப்பகத்தில்தான். கலியாணம் பேசுவது அங்கே, வழக்குத் தீர்ப்பதும் அங்கே. எல்லாரும் ஒருவர் பின் ஒருவராய் இருந்து முன்னாலிருப்பவரின் முதுகைத் தேய்க்க வேண்டும். கடைசி ஆளின் முதுகைத் தேய்க்க யாருமில்லை. அவர் எழும்பிப் போக முடியாது. யாராவது வந்து தேய்த்தால்தான் விடுதலை. தேய்த்தவர் கடைசி ஆளாகிவிடுவார்.

இந்தச் சடங்கை மேடையேற்றப் போவதாகச் சிற்றம்பலத்தார் அறிவித்தார். வற்றிய நீச்சல் தடாகத்துக்குள் பிளாஸ்டிக் கதிரைகள் ஒற்றை வரிசையில் நின்றன. ஆளுக்கொரு பன்னீர்த் துவாய். முன்னவரின் கோட்டு முதுகில் ஒற்றி எடுத்தால் சரி. உடனே சண்டை தொடங்கியது.

"நான் பிரதம விருந்தினர். நான்தான் முன்னுக்கு" என்றார் கோவில் தலைவர் விஜயரத்தினம்.

"அதுக்கென்ன, இருங்கோ. ஆனால் கடைசியிலை ஆர்?" என்றார் சிற்றம்பலத்தார்.

ஒருவருக்கும் கடைசிக் கதிரை வேண்டாம். பொன்னாடை வாங்கியவர்கள், பொன்னாடை போர்த்தியவர்கள், போன வருடம் போர்த்தியவர்கள் என்று எல்லாருக்கும் ஒரு நியாயம் இருந்தது. கடைசியில் சிற்றம்பலத்தார் என்னைப் பார்த்தார். சஞ்சிகையில் அவருடைய முந்திய நாவலை நான் நக்கலடித்து எழுதியிருந்தேன்.

"எங்கடை நக்கல் எழுத்தாளர் இருக்கட்டும். எல்லாருக்கும் பின்னாலை நிண்டு கதைச்சுப் பழகின ஆள்தானே!"

எல்லாரும் கைதட்டினார்கள். நான் போய் இருந்தேன். எனக்குப் பின்னால் தடாகத்தின் ஆழமான பக்கம் சரிந்து இருட்டுக்குள் போனது.

உரைகள் நீண்டன. மேலே கண்ணாடிக் கூரை கருத்துக்கொண்டே வந்தது. எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று, கொஞ்சம் கிட்ட.

"இப்போது தேயுங்கோ!" என்றது ஒலிவாங்கி.

நான் முன்னாலிருந்தவரின் கோட்டை ஒற்றினேன்.

என் முதுகில் ஈரத்துணி பட்டது.

கோட்டு, ஸ்வெட்டர், சட்டை எல்லாவற்றையும் தாண்டி நேரே தோலில். தோளிலிருந்து இடுப்புவரை பொறுமையாக, அழுத்தி. பழகிய கை.

யாரோ பகிடி விடுகிறார்கள் என்று திரும்பினேன்.

ஆள் இல்லை. ஆழத்து இருட்டிலிருந்து என் கதிரைக் கால்வரை தரை நனைந்து கிடந்தது.

காதுக்குள் ஒரு குரல், ஜெர்மன் மொழியில், மிகவும் மரியாதையாக:

"இனி என்னுடையதைத் தேய்க்கிறீர்களா?"

துவாயைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு எழுந்தேன்.

"கடைசி ஆள் எழும்பினால் சடங்கு குழம்பும், இருமோய்!" என்று சிற்றம்பலத்தார் கத்தினார். பின்னால் ஆரோ நிற்கிறார்கள் என்றேன். "ஓம், வாசகர்கள்!" என்றார். சபை சிரித்தது. நான் ஓடி வந்து காரை எடுத்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது குளியலறையில் தண்ணீர் ஓடியது. என் மனைவி யோகத்துக்குத் தோள்மூட்டு இறுகி மாதக்கணக்கு. கை பின்னால் போகாது. முதுகு தேய்த்து விடச் சொல்லி அவள் கேட்காத நாளில்லை. இந்தா வாறன் என்று நான் சொல்லாத நாளுமில்லை.

"இன்னும் கொஞ்சம் மேலை" என்றாள் உள்ளேயிருந்து. "ஓம், அதிலைதான். கண்டறியாத கூட்டத்துக்குப் போயிட்டு வந்தாலும் இண்டைக்கெண்டாலும் மனம் வந்துதே உங்களுக்கு."

நான் கோட்டோடு நடையில் நின்றேன்.

"கை ஏன் இப்பிடிக் குளிருது?"

கதவைத் தள்ளினேன். ஆவிக்குள் யோகம் குறுக்குக்கட்டோடு சுவரைப் பார்த்தபடி முக்காலியில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவன் குந்தியிருந்தான். முகம் தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது. கேத்திலுக்கு அடியில் சுண்ணாம்பு படியுமே, அப்படி வெள்ளையாய், தடிப்பாய், வெடித்துப்போய். அவன் கை அவள் முதுகில் மெதுவாக ஏறி இறங்கியது.

உள்ளே ஓரடி வைத்தேன்.

"சரி, காணும்" என்றாள் யோகம். "நீங்கள் திரும்புங்கோ. ஏலுமான கையாலை உங்கடையை நான் தேய்ச்சு விடுறன்."

அவன் கை நின்றது. திரும்பத் தொடங்கினான்.

அவள் தொட்டால் கடைசி ஆள் அவள்தான். சட்டைப்பையிலிருந்த பன்னீர்த் துவாயை இழுத்து, என் பலமெல்லாம் சேர்த்து, நான் அந்த முதுகைத் தேய்த்தேன். படை படையாகக் கழன்று விழுந்தது. கீழே தோல் குழந்தையின் தோல்போலச் சிவந்திருந்தது.

"டாங்கே" என்று நன்றி சொன்னான். ஒரு பெருமூச்சு. தண்ணீர் போகும் துவாரம் களக்கென்று விழுங்கியது. அவனைக் காணவில்லை.

யோகம் திரும்பிப் பார்த்தாள். "என்ன, கோட்டோடையே குளிக்கிறீங்கள்?"

மறுநாள் சிற்றம்பலத்தாருக்குப் போன் எடுத்தேன்.

"உந்தக் கடைசி ஆள் சட்டம் உங்கடை கற்பனையோ?"

"என்ரை கற்பனைவளத்தைப் பற்றி..."

"உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை."

குரலைத் தாழ்த்தினார். "அது... அந்தக் குளிப்பகம் திறந்திருந்த காலத்திலை ஒருத்தன் சொன்னவன். உடுப்பு மாத்திற அறையிலை. முகம் பாக்கேல்லை, சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தவன். உதையெல்லாம் எழுதிப் போடாதையும்! சரி, ரெண்டாம் பாகம் வெளியீட்டுக்கு எசன் நகரத்திலை பழைய குளிப்பகம் ஒண்டு பாத்திருக்கிறன். இந்த முறை உமக்கு முன் கதிரை."

ஒரு கெட்ட ஆசை வந்தது. மறைக்கவில்லை. "வாறன் அண்ணை. ஆனால் எனக்குக் கடைசிக்கு முதல் கதிரை போதும். எனக்குப் பின்னாலை, கடைசியிலை நீங்கள் இருந்து என்ரை முதுகைத் தேய்க்க வேணும்."

"எழுத்தாளர் கடைசியிலையோ? என்ன கதை கதைக்கிறீர்!"

விஜயரத்தினத்திடம் கேட்டேன், பிரதம விருந்தினரை அவமதிக்கிறேனாம். பொன்னாடை போர்த்தியவர்களிடமும் கேட்டேன். எங்கள் சனத்தில் கடைசியில் இருக்கச் சம்மதிக்கும் ஒரு மனிசரைக் காணவில்லை.

சம்மதிக்கிற ஒரே ஆள் குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்கிறாள்.

"திறவுங்கோப்பா. எனக்குச் செய்தனீங்கள்தானே. நானும் ஒருக்கா தேய்ச்சு விடுறன்."

"வேண்டாம் யோகம்."

"என்ன வெக்கம் உங்களுக்கு?"

தாழ்ப்பாள் பழசு. அதனால் கதவோடு முதுகைக் கொடுத்து அழுத்திக்கொண்டு நிற்கிறேன். ஷவர் நேரே என்மேல் கொட்டுகிறது. தலை நனைந்து, தோள் நனைந்து, கதவெல்லாம் வழிகிறது.

முதுகு மட்டும் காய்ந்திருக்கிறது. சொறிந்தால் விரலில் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு.