குரல் இல்லாத நாலு நிமிடம்

வியாழக்கிழமை காலை பஸ்னா புத்தகப் பையைத் திறந்தபோது உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தது. போத்தலின் மூடியை அவள் சரியாக இறுக்கவில்லை. நனைந்த கொப்பிகளைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அவற்றுக்கு அடியில் ஸஹீதா மாமி கொடுத்த வீடியோ கசெட் கிடந்தது. அதைப் பார்த்ததும்தான் அவள் பையை அவசரமாகக் கவிழ்த்துக் கொட்டினாள்.

ஸஹீதா மாமியின் கணவர் அப்துல் கபூர் ஒரு பொறியியலாளர். ஒளிபரப்புக் கோபுரம் ஒன்றை நிறுத்தி, வாவியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு முதன்முதலில் தொலைக்காட்சிப் படம் வரச்செய்தவர் அவர்தான். அவர் காலமாகி இருபது வருடங்களாகிவிட்டன. அவர் படித்த பாடசாலையில், அதாவது பஸ்னாவின் பாடசாலையில், செவ்வாய்க்கிழமை அவருக்கு நினைவுக் கூட்டம்.

அவர் தன் வேலையைப் பற்றி நாலு நிமிடம் பேசியதை உறவினர் ஒருவர் முன்பு கமராவில் எடுத்திருந்தார். அவருடைய குரல் பதிந்திருந்தது அந்த ஒரே கசெட்டில்தான். அதை நகரத்து வீடியோக் கடைக்குக் கொண்டுபோய்ப் பென் டிரைவில் ஏற்றி வர யார் தயார் என்று நிஸ்மியா டீச்சர் கேட்டபோது, முதலில் கை உயர்த்தியவள் பஸ்னா.

கசெட் நனைந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கசெட்டைத் துணியால் துடைத்து, மதிலின் மேல் வெயிலில் வைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போனாள். பின்னேரம் வந்து தொட்டுப் பார்த்தாள். நன்றாகக் காய்ந்திருந்தது. கையைச் சுட்டது. இனிப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வாப்பா அவளை மோட்டார் சைக்கிளில் நகரத்துக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் கோகுலராஜ் கசெட்டைப் பழைய இயந்திரத்தில் போட்டார். திரையில் வெள்ளைச் சேர்ட் போட்ட ஒருவர் கதிரையில் அமர்ந்திருந்தார். பெரிய மீசை. வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

கோகுலராஜ் ஒலியைக் கூட்டினார். வயரை மாற்றிச் செருகினார். கடைசியில் கசெட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"நாடாவுக்கு நடுவில படம் இருக்கும் தங்கச்சி. ஓரத்தில மெல்லிசாக் குரல் இருக்கும். இந்த ஓரம் முழுக்கச் சுருங்கிப் போச்சு. எங்கயும் நனைஞ்சு, பிறகு சூடு பட்டதா?"

பஸ்னா தன் செருப்பைப் பார்த்தாள்.

"தெரியா," என்றாள்.

குரலை மீட்க வழியில்லை என்றார் அவர். படத்தை மட்டும் ஏற்றிக் கொடுத்தார். வெளியே நின்ற வாப்பா வேலை முடிந்ததா என்று கேட்டதற்குத் தலையாட்டினாள். வாவியைக் கடக்கும் கல்லடிப் பாலத்தில் வரும்போது காற்று பலமாக வீசியது. பென் டிரைவை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அது வாவிக்குள் விழுந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமே என்றும் ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக இன்னும் பயந்தாள்.

அன்று மத்தியானம் சோற்றுக்கு முன்னால் இருந்து யோசித்தாள். இயந்திரம் பழுது என்று சொல்லலாமா? கசெட் பழசு என்று சொல்லலாமா? ஒவ்வொரு பொய்யையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொரு பொய்யின் முடிவிலும் ஸஹீதா மாமி முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். படம் ஓடியது. மாமி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

ஞாயிறு காலை அவள் தனியே மாமியின் வீட்டுக்கு நடந்தாள். அடுத்த ஒழுங்கைதான். ஆனாலும் மூன்று முறை பாதி வழியில் திரும்பி, நாலாம் முறைதான் போய்ச் சேர்ந்தாள்.

மாமி குசினி வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். பஸ்னா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். போத்தல், தண்ணீர், மதில், வெயில், கடையில் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை.

"நான்தான் மாமி கெடுத்த. என்னை மன்னிச்சிருங்க."

 மாமி கையிலிருந்த இறாலைப் பாத்திரத்தில் வைத்தார். எழுந்து கை கழுவப் போனார். தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. வீட்டுக்குப் போ என்று சொல்வார் என்று பஸ்னா காத்திருந்தாள்.

மாமி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"படம் இரிக்கி எண்டாய். அதைப் போடு புள்ள, பாப்பம்."

முன்னறைத் தொலைக்காட்சியில் பஸ்னா பென் டிரைவைச் செருகினாள். அப்துல் கபூர் கதிரையில் அமர்ந்து வாயை அசைத்தார். மாமி திரைக்கு அருகில் போய் நின்றார். படம் கொஞ்சம் ஓடியது. பிறகு மாமி மெதுவாக முணுமுணுத்தார்.

"அண்டைக்கு எனக்குச் சரியான பயம்..."

பஸ்னா திரும்பிப் பார்த்தாள். மாமி அவளிடம் பேசவில்லை. திரையைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய உதடுகள் கணவரின் உதடுகளோடு சேர்ந்து அசைந்தன.

"மாமி, அவரு சொல்றது உங்களுக்கு விளங்குதா?"

அப்போதுதான் மாமிக்கே அது தெரிந்தது போலிருந்தது. கோபுரத்தடி மெசின் அறையில் ஓயாத இரைச்சல் என்றார். பதினாறு வருடம் அங்கே சோறு கொண்டு போயிருக்கிறார். ஒரு சொல்லும் காதில் விழாது. அவர் வாயைப் பார்த்துத்தான் பேச்செல்லாம்.

பஸ்னா ஓடிப்போய்க் கொப்பியும் பென்சிலும் எடுத்து வந்தாள். படத்தை ஓட்டினாள், நிறுத்தினாள், பின்னால் இழுத்தாள். மாமி சொல்லச் சொல்ல எழுதினாள். மூன்று இடங்களில் மாமி கையை விரித்தார்.

"இது தெரியா. மீசை மறைக்கி. வெட்டுங்க, வெட்டுங்க எண்டு நான் எத்தினை தரம் சொன்ன. கேட்டாத்தானே."

பஸ்னாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியாமல் அடக்கிக்கொண்டாள்.

படத்தின் கடைசியில் அவர் கமராவை விட்டு வேறு பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். மாமி அந்த இடத்தில் சட்டென்று திரும்பி, அதை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனார்.

திங்கட்கிழமை நிஸ்மியா டீச்சரிடமும் பஸ்னா உண்மையைச் சொன்னாள். டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு கொப்பியை வாங்கி இரண்டு முறை வாசித்தார். இதைத் தாளில் எடுத்தெழுதி, நாளைக்கு நீயே மேடையில் வாசி என்றார்.

செவ்வாய்க்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பஸ்னா ஒலிவாங்கியின் முன் போய் நின்றாள். குரல் ஏன் இல்லை, அதற்கு யார் காரணம் என்று முதலில் சொன்னாள். மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. படம் ஓடத் தொடங்கியது. அவள் வாசித்தாள். முதன்முதலில் படம் வந்த நாளைப் பற்றிய இடம் வந்தது.

"அண்டைக்கு எனக்குச் சரியான பயம். ஊரே பெட்டிக்கு முன்னால இரிக்கி. சுவிட்சைப் போட்டன். படம் இல்ல. இலையான் மொய்ச்ச மாதிரி வெறும் புள்ளி. ரெண்டு மணித்தியாலம் கோபுரத்தில ஏறி இறங்கினன். உப்புக் காத்தில வயரைப் பிடிக்கிற பூட்டு ஒண்டு துருப்பிடிச்சுக் கழண்டு கிடந்த. அதைச் சுரண்டி இறுக்கினன். கீழ இருந்து ஒரு கூச்சல். ஊர் முழுக்கக் கத்துது. படம் வந்திட்டு எண்டு அப்பதான் தெரிஞ்ச. செய்தி வாசிச்ச பொம்பிளையப் பெட்டிக்குப் பின்னாலயும் போய்த் தேடினாங்களாம். நான் மட்டும் பாக்கல்ல. நான் கோபுரத்தில இருந்தன்."

மீசை மறைத்த இடங்களில் அவள் நிறுத்தினாள். இரண்டு இடங்களில் பிந்தி, வேகமாக வாசிக்க வேண்டியிருந்தது. ஆனால் அவருடைய வாயும் அவளுடைய சொல்லும் ஒன்றாகவே நின்றன. பின்வரிசையில் ஒரு முதியவர், நான் அண்டைக்குக் கத்தினன், என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது மேடை வரை கேட்டது.

திரையில் அப்துல் கபூர் வேறு பக்கம் திரும்பினார். அவருடைய வாய் அசைந்தது. பஸ்னாவின் தாளில் அதற்குமேல் ஒன்றுமில்லை. அவள் மாமியைப் பார்த்தாள். 

முன்வரிசையிலிருந்து ஸஹீதா மாமி எழுந்தார்.

"கமராவ நிப்பாட்டுங்க. ஸஹீதா சோறு போட்டுட்டாள். இனிப் பேசினா அடி விழும். அப்பிடித்தான் சொன்னாரு," என்றார்.

மண்டபம் சிரித்தது. மாமியும் முக்காட்டைச் சரிசெய்தபடி சிரித்தார். அதைப் பார்த்த பிறகுதான் பஸ்னா தாளை மடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள்.