பிக்கிள்ஸின் பாதை

மார்னியின் வீட்டுக்கு நான்கு சக்கரங்கள் உண்டு.

இந்த மாதம் ஓர் ஊர், அடுத்த மாதம் இன்னோர் ஊர். ஆஸ்திரேலியாவின் தெற்குக் கடற்கரையை ஒட்டியே அப்பா காரை ஓட்டுவார். அவர்கள் குடியிருக்கும் கேரவன் வண்டி பின்னாலேயே ஆடி அசைந்து வரும். வெளியூர் போகிறவர்கள் தங்கள் வீட்டையும் செல்லப்பிராணிகளையும் இவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள்.

மார்னி பூனைகளைப் பராமரித்திருக்கிறாள். கோழிகளைத் துரத்திப் பிடித்துக் கூண்டில் அடைத்திருக்கிறாள். "கதவை மூடு, கெவின்!" என்று நாள் முழுக்கக் கத்தும் ஒரு கிளியோடும் குப்பை கொட்டியிருக்கிறாள். அந்த வீட்டில் கெவின் என்று யாருமே கிடையாது.

ஆனால் பிக்கிள்ஸைப் போல ஒரு நாயை அவள் பார்த்ததே இல்லை.

பிக்கிள்ஸ் என்றால் ஊறுகாய். குட்டியாக இருந்தபோது ஊறுகாய் ஜாடிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டதால் வந்த பெயர். இப்போது அது கிழட்டு நாய். உடம்பெல்லாம் கறுப்பு, மூக்கைச் சுற்றி மட்டும் நரை. இரண்டு கண்களிலும் பால் ஊற்றியதுபோல வெண்மை.

"இவனுக்குச் சுத்தமா கண்ணு தெரியாது. ஆனா தினமும் காலைல கடலுக்குப் போய் நீச்சலடிப்பான்," என்றார் வீட்டுக்காரப் பாட்டி க்வெண்டா. அவர் தன் மகளுக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்க பெர்த் நகரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"யார் கூட்டிட்டுப் போவாங்க?" என்று கேட்டாள் மார்னி.

"யாரும் வேண்டாம். பின்னாடி சும்மா நடந்து வா, தெரியும்."

பிக்கிள்ஸ் பின்வாசல் படியில் இறங்கியது. புல்வெளியைக் கடந்தது. வேலியில் இருந்த இடைவெளியில் உரசாமல் நுழைந்தது. சவுக்கு மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து நடந்து, மணலைத் தாண்டி, நேராக அலைக்குள் இறங்கிவிட்டது.

கொஞ்ச தூரத்தில், உடைந்த படகுத்துறையின் ஒற்றைத் தூண் நின்றது. அதன்மேல் கடற்காகங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பிக்கிள்ஸ் அந்தச் சத்தத்தை நோக்கி நீந்தி, தூணை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பியது.

மார்னி வாயைத் திறந்தபடி நின்றாள். "கரை எங்கன்னு அவனுக்கு எப்படித் தெரியுது?"

"அலை உடையிற சத்தம் கேக்குதில்ல? காதும் மூக்கும் போதும் அவனுக்கு," என்றார் க்வெண்டா. "ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. நீந்தலைன்னா அவனோட பின்னங்கால் விறைச்சுப் போயிடும். அப்புறம் எழுந்து நிக்கவே முடியாது. கயிறும் கட்டாதீங்க. இந்த ராஜாவுக்குக் கோபம் வந்துடும்!"

க்வெண்டா கிளம்பிப் போனார். தெருவில் நின்ற கேரவனை அப்பா பின்பக்கமாகவே ஓட்டி, வீட்டின் பின்புறப் புல்வெளிக்குக் கொண்டுவந்தார். சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து, சாயாமல் நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, பந்தல் கட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் எல்லோரும் அசந்து தூங்கிவிட்டார்கள். மார்னி ஓடிவந்து பார்த்தபோது பிக்கிள்ஸ் பின்வாசலில் சுருண்டு படுத்திருந்தது. மூக்கில் ஒரு கீறல்.

"பக்கத்து வீட்டுப் பூனையோட வேலையா இருக்கும்," என்றார் அப்பா.

"வா பிக்கிள்ஸ், கடலுக்குப் போகலாம்!"

பிக்கிள்ஸ் வாலைக்கூட ஆட்டவில்லை.

அதற்கு அடுத்த நாளும் அப்படியே. அம்மா ஒரு துண்டு கறியை நீட்டிக்கொண்டே படியில் இறங்கினார். பிக்கிள்ஸ் கழுத்தை நீட்டிக் கறியைக் கவ்வியது, தின்றது, மறுபடியும் படுத்துக்கொண்டது.

"புத்திசாலிதான்," என்று அம்மா கையைத் துடைத்துக்கொண்டார். "பாவம், க்வெண்டாவை நினைச்சு ஏங்குது போல."

அப்பா கயிற்றைக் கொண்டுவந்தார். பிக்கிள்ஸ் பாறைபோல உட்கார்ந்துவிட்டது. அப்பாதான் வழுக்கி விழுந்தார்.

அன்று சாயங்காலம் பிக்கிள்ஸ் எழுந்திருக்கப் பார்த்தது. பின்னங்கால்கள் வெடவெடவென்று நடுங்கின. அப்படியே உட்கார்ந்துவிட்டது. மார்னி அதன் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"உனக்கு என்னடா ஆச்சு? சொன்னாத்தானே தெரியும்?"

அது எப்படிச் சொல்லும்? மார்னி யோசித்தாள். பிறகு சமையலறைத் துண்டு ஒன்றை எடுத்துவந்து, தன் கண்களை இறுக்கக் கட்டிக்கொண்டாள்.

"நீ எப்படிப் போவியோ, அப்படியே நான் போய்ப் பாக்கறேன்."

படியின் மரம் காலுக்குச் சொரசொரப்பாக இருந்தது. அப்புறம் ஈரப் புல். தூரத்தில் கடலின் இரைச்சல். அதைக் குறிவைத்து அவள் நேராக நடந்தாள்.

டங்!

"அம்மா!"

முழங்காலுக்குக் கீழே உயிர் போகிற வலி. துண்டை அவிழ்த்துப் பார்த்தாள். எதிரே அவர்களுடைய கேரவன்தான் நின்றது. அதைக் காரோடு பூட்டுகிற இரும்புச் சட்டம் நீட்டிக்கொண்டிருந்தது. சரியாக ஒரு நாயின் மூக்கு உயரம்.

மார்னி நொண்டிக்கொண்டே ஓடினாள். "அப்பா! கேரவனை நகர்த்தணும்!"

"என்னது? அதை நிறுத்த அரை நாள் ஆச்சு, மார்னி!"

"அவனோட ரோட்டுல நம்ம வீட்டைக் கொண்டுபோய் வச்சிருக்கோம்பா! அவன் போய் மோதியிருக்கான். மூக்கைப் பாருங்க!"

அப்பா பிக்கிள்ஸின் மூக்கைப் பார்த்தார். மகளின் காலைப் பார்த்தார். உடனே பந்தலை அவிழ்க்கத் தொடங்கினார். ஒரு குழாய் அவர் தலையில் விழுந்தது. அதையும் அவர் பொறுத்துக்கொண்டார். இருட்டுவதற்குள் கேரவன் வீட்டின் பக்கவாட்டுக்குப் போய்விட்டது.

விடிந்ததும் மார்னி பின்வாசலுக்கு வந்தாள். "பிக்கிள்ஸ், வழி காலி! வா!"

பிக்கிள்ஸ் தடுமாறி எழுந்தது. ஒரு காலைப் படியில் வைத்தது. மூக்கைச் சுளித்தது. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

"அதான் எடுத்தாச்சே, இன்னும் என்ன?" என்றார் அப்பா.

"எடுத்தது நமக்குத்தான்பா தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்?"

மார்னி மறுபடியும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டாள்.

"இப்ப எதுக்குடி இது? ஒரு கால் அடிபட்டது போதாதா?" என்றார் அம்மா.

"அவன் போற மாதிரியே நான் முதல்ல போறேன்மா. அவன் கேட்டுக்கட்டும்."

அவள் காலைத் தொம் தொம் என்று வைத்து நடந்தாள். "இங்க ஒண்ணுமில்ல, பிக்கிள்ஸ். இங்கயும் ஒண்ணுமில்ல. பாரு, டங் சத்தம் வரல." நேற்று மோதிக்கொண்ட இடத்தையும் தாண்டிவிட்டாள் என்றே தோன்றியது. இன்னும் கொஞ்சம் நடந்தாள். திடீரென்று முகத்தில் இலைகள் குத்தின. கையில் முள் கீறியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் புதர்.

"ஐயோ, நான் எங்க இருக்கேன்?"

"இரு, வரேன்," என்று அப்பாவின் குரல் கேட்டது.

"ஷ்ஷ்! அங்க பாருங்க," என்றார் அம்மா.

மரப்படியில் நகங்கள் உரசின. டக். டக். பிறகு புல்லில் மெல்லிய சரசரப்பு. நடுவில் அது நின்றது. மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. மார்னியும் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

மறுபடியும் சரசரப்பு. அவள் உள்ளங்கையில் குளிர்ந்த, ஈரமான ஒரு மூக்கு.

பிக்கிள்ஸ் அவள் சட்டையைப் பல்லால் கவ்விப் புதரிலிருந்து வெளியே இழுத்தது. மார்னி அதன் முதுகில் கை வைத்தாள். பிக்கிள்ஸ் நடந்தது. அவளும் நடந்தாள். வேலி வந்ததும் அது மெதுவாகியது. அவளும் உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். வேர் தடுக்கும் இடத்தில் அது நின்றது. அவள் காலால் துழாவி வேரைத் தாண்டினாள். காலுக்குக் கீழே சவுக்கு இலைகள் மெத்தென்று இருந்தன. அப்புறம் மணல். அப்புறம் முகத்தில் உப்புக்காற்று.

'இவ்வளவையும் நீ தினமும் தனியா செய்யறியாடா?' என்று மார்னி மனதுக்குள் வியந்தாள்.

குளிர்ந்த நீர் பாதத்தைத் தொட்டது. அவள் கைக்கு அடியிலிருந்து முதுகு வழுக்கிக்கொண்டு போனது.

மார்னி துண்டை அவிழ்த்தாள். தண்ணீருக்கு மேலே ஒரு கறுப்புத் தலை கடற்காகங்களின் சண்டையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நடுங்கிய கால்கள் தண்ணீரில் நடுங்கவே இல்லை. தூணைச் சுற்றித் திரும்பிய பிக்கிள்ஸ், இடுப்பளவு ஆழத்துக்கு வந்ததும் கரை ஏறாமல் மார்னி இருந்த பக்கம் திரும்பிக் குரைத்தது.

"மார்னி!" பின்னால் ஓடிவந்த அம்மா கத்தினார். "குளிர்காலம்டி! பைஜாமாவோட இறங்கிடாத!"

"ராஜா கூப்பிடறாரும்மா! எப்படி மாட்டேன்னு சொல்றது?"

அடுத்த அலை கரைக்கு வந்தபோது, அதில் இரண்டு தலைகள் தெரிந்தன.