இன்னும் கொஞ்சம் சூடாகட்டும்

விமானங்கள் ஆளில்லாமல் தாமே பறக்கத் தொடங்கியபின், பறக்க ஆசைப்பட்டவர்களுக்குப் பாவனைக் கூடுதான் கதி. நான்கு சுவருக்குள் ஒரு விமானி அறை, கண்ணாடிக்கு வெளியே பொய்யான ஓடுதளம். பிரிசில்லா வாங்கிய கூட்டில் குரல்மீட்பியும் இருந்தது. இறந்தவரின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பழகி, அவரைப் போலவே பேசும் கருவி அது. பக்கத்து இருக்கையிலிருந்து அவள் கணவர் ஜெயசிங் பேசுவார்.

தரையில் மட்டும்தான் பேசுவார். விமானியாக இருந்த காலத்திலும் சக்கரம் மேலெழும்பிவிட்டால் அவர் வாயே திறந்ததில்லை. அதனால் பிரிசில்லா கிளம்புவதே இல்லை. என்ஜினைச் சூடாக்குவாள். விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறியின் கோணத்தை மாற்றும் நீலக் கைப்பிடியை மூன்று தரம் இழுத்துத் தள்ளி, விசிறிக்குச் சூடான எண்ணெய் ஏற்றுவாள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள். எரிபொருள் கலவையை மட்டும் வேண்டுமென்றே குறைக்காமல் விடுவாள்.

“கலவையக் குறைளா. தரையில நிக்கும்போது பிளக்குல கரி பிடிச்சிரும்னு எத்தன தரம் சொல்ல?”

அந்தத் திட்டுக்காகத்தான் அவள் ஏங்கிக் கிடந்தாள். கிளம்பு கிளம்பு என்றும் அவர் நச்சரிப்பார். இன்னும் கொஞ்சம் சூடாகட்டுங்க என்று இவள் தள்ளிப்போடுவாள்.

கருவி இவளையும் கேட்டுக்கொண்டிருந்தது. உட்காருபவரின் மனம் அறிந்து குரலைத் திருத்திக்கொள்ளும் என்று விற்றவர்கள் பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் நச்சரிப்பு நின்றுபோனது.

பிரிசில்லாவுக்கு என்னவோ குறைந்தது. ஒருநாள் அவளே கேட்டாள்.

“கிளம்பலாமாங்க?”

“என்னளா அவசரம்? இன்னும் கொஞ்சம் சூடாகட்டும்.”

அவள் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள். ஓடுதளத்தில் ஒரு நிமிடம் சும்மா நிற்கப் பொறுக்காத மனிதர் ஜெயசிங். இது அவள் பேச்சு. இத்தனை நாளாக அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துத் தன்னையே பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறாள்.

கலவை, விசிறி, விசை மூன்று கைப்பிடிகளையும் முன்னே தள்ளி பிரேக்கை விட்டாள். பொறு, பொறு என்று குரல் கெஞ்சியது. சக்கரம் எழும்பியதும் பேச்சு நின்றது.

அந்த மௌனம் மட்டும் பழைய ஜெயசிங்குடையது. அதை இவள் ஒருநாளும் தொட்டதில்லை. பிரிசில்லா அழுதபடி, இறங்க மனமில்லாமல் கண்ணாடிக்கு வெளியே விரிந்த பொய்க் கடலின்மேல் சுற்றிக்கொண்டே இருந்தாள்.